அவள் பெயரில் எட்டாயிரம்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம், லோர்னா அந்தக் காகிதத்தைக் கண்டெடுத்தது வியாழக்கிழமை என்று எழுதியிருந்தேன். புதன்கிழமையாகவும் இருக்கலாம். அவள் என்னிடம் இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் வேறு கிழமை. நானும் மிச்சிகனின் இந்த வடக்கு மூலையில் நாற்பது வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கே பனி உருகும் மாதத்தில் கிழமைகள் எனக்கும் குழம்பித்தான் போகின்றன.

ஆனால் இன்று சொல்லப்போகும் நாளில் சந்தேகமே இல்லை. ஏப்ரல் பதினைந்து. வருமான வரிக் கணக்குக் கொடுக்கக் கடைசி நாள். மழை பெய்ததா, ஆலங்கட்டி விழுந்ததா என்பது வேண்டுமானால் எனக்கு மறந்திருக்கலாம்.

காகிதம் இதுதான். ஊர்க் கூட்டுறவு வங்கி தன் கணினியைப் புதிதாக மாற்றியிருந்தது. அதனால் ரெய்னோவின் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குத் தாளில், இத்தனை வருடம் இல்லாத ஒரு வரி அச்சாகி வந்திருந்தது. நாமினி: மார்ட்டி கங்கஸ். உறவு: சகோதரர். நூறு சதவீதம்.

கணக்கில் இருந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டாலர். ரெய்னோ மர மில்லில் முதுகு ஒடிய உழைத்துச் சேர்த்தது. மில்லில் ஓய்வூதியம் கிடையாது. அவர்களுடைய முதுமைக்கு இருந்தது அது ஒன்றுதான்.

திருமணமாகி இருபத்தேழு வருடம். அதில் பதினோரு வருடம் லோர்னா படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போகவில்லை. அவள் பெயரில் ஒரு காசு சேரவில்லை.

ஜனவரியில் ரெய்னோவுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "உன் பேர்லயும் ஏதாவது இருக்கணும் லோர்னா." வீட்டுக்குப் பின்னாலிருந்த மேப்பிள் மரங்களை வெட்டி விற்று எட்டாயிரம் டாலர் தேற்றினான். அவள் பெயரில் தனிக்கணக்கு தொடங்கலாம் என்றான். வேலைக்குப் போகாத மனைவிக்கும் கணவன் சம்பளத்தைக் காட்டி அப்படித் தொடங்கலாம். மூன்று மாதம் லோர்னா அந்த வார்த்தையை நினைத்து நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தாள்.

காகிதத்தைப் பார்த்த பிறகு அதே வார்த்தை வேறு மாதிரிக் கேட்டது. எல்லாம் அண்ணனுக்குப் போகும் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னானா?

மறந்திருப்பான் என்றும் தோன்றியது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஆனால் அதைக் கேட்க அவளால் முடியவில்லை. கேட்டால் உடனே மாற்றிவிடுவான். கேட்ட பிறகு எழுதப்படும் பெயருக்கு என்ன மதிப்பு?

அன்று புதுக் கணக்குத் தொடங்கும்போது வங்கியில் நாமினி யார் என்று கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்வி ரெய்னோவின் காதிலும் விழும். மறந்திருந்தால் அப்போது நினைவு வரும். அந்த ஒரு கேள்வியை நம்பித்தான் அவள் அன்று காலை எழுந்தாள்.

ரெய்னோ காபியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தான்.

"பேப்பரெல்லாம் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

"எல்லாமே?"

லோர்னா திரும்பினாள். அவன் சாசரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம்னா எதெது?"

"மில்லுல குடுத்த சம்பளச் சீட்டு. மரம் வித்த ரசீது. வேற என்ன இருக்கு?"

வேற என்ன இருக்கு. அந்தத் தாள் ரொட்டி டப்பாவுக்குள், அவள் வைத்த இடத்தில் இருந்தது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

இந்த வீட்டில் பேசாமலிருப்பது சண்டை என்று அர்த்தமில்லை. ரெய்னோவின் அப்பா அம்மாவும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். சனிக்கிழமை சௌனா என்ற நீராவிக் குளியல் அறையில் நெருப்பு மூட்டி, நீராவியில் ஒரு மணி நேரம் அருகருகே உட்கார்ந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவார்கள். நல்ல குடும்பம் என்று ஊரில் பெயர். லோர்னாவும் அதற்குப் பழகிவிட்டாள். பழகியது சரிதானா என்று இந்த ஒரு வாரமாகத்தான் யோசிக்கிறாள்.

நூலகத்தின் பின்னறையில் வெர்னா டீச்சர் வருடா வருடம் இலவசமாக வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பாள். எண்பத்து நான்கு வயது. ரெய்னோவுக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் எடுத்தவள்.

"வாடா ரெய்னோ. கடைசி நாள்ல வந்து நிக்கற. அப்பவும் இப்படித்தான். வீட்டுப்பாட நோட்டைப் பெல் அடிச்சப்பறம் நீட்டுவ."

"பனி சறுக்குது டீச்சர்."

"ஆமா, நான் மட்டும் பறந்து வந்தேன். லோர்னா, நீ இப்படிக் கிட்ட உட்காரும்மா. உன் கணக்குதான் இன்னிக்கு விசேஷம்."

வெர்னா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"ரெண்டு வகை இருக்கு. பழைய வகைக் கணக்குல போட்டா, இந்த எட்டாயிரத்துக்கு இந்த வருஷம் வரி இல்ல. வயசானப்பறம் எடுக்கறப்போ வரி கட்டணும். ராத் கணக்குன்னா வரியை இப்பவே கட்டிடறோம். அப்பறம் எடுக்கறப்போ ஒண்ணும் கிடையாது. இப்பவா, அப்பறமா. அவ்வளவுதான் விஷயம்."

"அப்பறம்," என்றான் ரெய்னோ.

"உன்னைக் கேக்கலடா. கணக்கு அவளோடது."

"எவ்வளவு மிச்சமாகும், அதைச் சொல்லுங்க டீச்சர்."

"மத்திய வரி, மாநில வரி ரெண்டும் சேர்த்து ஆயிரத்து முன்னூறு."

ரெய்னோ நிமிர்ந்து உட்கார்ந்தான். "கேட்டியா லோர்னா? ஆயிரத்து முன்னூறு! நம்ம வண்டியோட கியர் பெட்டியைச் சரி பண்ணிடலாம். பழைய வகையே போடுங்க டீச்சர்."

லோர்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல பணத்தை எடுக்கணும்னா?" என்று கேட்டாள்.

"அதுதான் வித்தியாசம். உனக்கு அம்பத்தாறு. பழைய வகைன்னா அம்பத்தொம்பதரை வயசு வரைக்கும் தொடக் கூடாது. தொட்டா வரியும் உண்டு, அதுக்கு மேல பத்து சதவீதம் அபராதமும் உண்டு. ராத்துல நீ போட்ட எட்டாயிரத்தை நாளைக்கே வேணாலும் எடுத்துக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அது போடற குட்டியைத்தான் தொடக் கூடாது."

"அப்போ ராத்."

"ஏன்?" என்றான் ரெய்னோ.

"என்னைக்கு வேணாலும் எடுக்கற மாதிரி இருக்கட்டும்."

வெர்னா சிரித்தாள். "என்னடி, பணத்தைத் தூக்கிக்கிட்டு ஓடிப் போகப் போறியா?"

யாரும் சிரிக்கவில்லை. வெர்னாவின் சிரிப்பும் மெதுவாக அடங்கியது. சுவரில் மாட்டியிருந்த சூடேற்றி டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

ரெய்னோ தன் தொப்பியைக் கையில் சுழற்றினான். "உனக்குப் பணம் வேணும்னா என்னைக் கேட்டா நான் தர மாட்டேனா?"

"தருவ. கேட்டாத் தருவ."

"அப்பறம் என்ன?"

 வெர்னா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்பது வருடம் பிள்ளைகளின் முகத்தையும் பெற்றோர் முகத்தையும் படித்த கண்கள்.

"டேய், சும்மா இரு. இதுல ஜோடிக் கணக்குன்னு ஒண்ணே கிடையாது. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து கையெழுத்துப் போடற வழக்கமே இல்ல. ஒரு கணக்கு, ஒரு ஆள். உன்னோடது உன் இஷ்டம். அவளோடது அவ இஷ்டம்."

உன்னோடது உன் இஷ்டம். லோர்னாவுக்கு அந்த வார்த்தை தைத்தது.

"ஆயிரத்து முன்னூறு," என்று ரெய்னோ முணுமுணுத்தான்.

"கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னா நீ எப்பவும் கடனை வாங்கிப்ப, பக்கத்துல கழிக்க மறந்துடுவ. இப்ப எடுத்துக்கிட்டா அப்பறம் கட்டணும்டா. அது உனக்கு அன்னைக்கும் ஏறல, இன்னைக்கும் ஏறல." வெர்னா விசையைத் தட்டினாள். "ராத்னு முடிவாயாச்சு. அஞ்சு மணிக்குள்ள வங்கியில பணத்தைக் கட்டிடுங்க. போன வருஷக் கணக்குலன்னு சொல்லிக் கட்டணும். அது முக்கியம்."

வங்கியில் கெல்லி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் மகள் ஐலாவோடு பள்ளியில் படித்தவள்.

"ஐலா எப்படி இருக்கா ஆன்ட்டி?"

"கிரீன் பே ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கறா. நைட் ஷிஃப்ட்."

"இங்க ஒரு கையெழுத்து. இங்க ஒண்ணு. அப்பறம் இந்தக் கட்டம். நாமினி. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பணம் யாருக்குப் போகணும்?"

லோர்னா பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. ரெய்னோவின் மூச்சுச் சத்தம் பக்கத்தில் கேட்டது. மில் மரத்தூள் அவன் கோட்டில் எப்போதும் மணக்கும், அன்றும் மணத்தது. அவள் காத்திருந்தாள். பத்து விநாடி இருக்கும். அவளுக்கு அந்தப் பத்து விநாடிக்குள் இருபத்தேழு வருடமும் வந்து போனது.

கெல்லி திரையைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"அங்கிள், உங்க கணக்குலயும் நாமினி ரொம்பப் பழசா இருக்கு. எண்பத்தொம்பதுல எழுதினது. வந்த கையோட அதையும் மாத்திடலாமா? ஒரே ஒரு தாள்தான். ரெண்டு நிமிஷம்."

 லோர்னா நினைத்ததைவிட நேராகவே கேள்வி வந்துவிட்டது.

 ரெய்னோ தொப்பியை ஒரு முறை சுழற்றினான்.

"இருக்கட்டும்மா. அது சரியாத்தான் இருக்கு."

"யாருன்னு ஒரு தடவை பார்த்துக்கறீங்களா? நெறைய பேர் மறந்தே போயிடறாங்க."

"மறக்கல."

லோர்னா குனிந்து அந்தக் கட்டத்தில் எழுதினாள். ஐலா கங்கஸ். உறவு: மகள். நூறு சதவீதம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அந்த இடத்தில் ரெய்னோ என்றுதான் எழுத நினைத்திருந்தாள். எழுதி முடித்துத் தாளை அவன் பக்கமாகவே நகர்த்தினாள். அவன் படித்தான். கண்ணை எடுத்துக்கொண்டான்.

"எட்டாயிரம். போன வருஷக் கணக்குல," என்று கெல்லி ரசீது நீட்டினாள்.

வண்டி ஏரிக்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. கியர் மாறும்போதெல்லாம் வண்டி ஒரு முறை உதறியது. ஏரியில் பனிப்பாளம் இன்னும் உடையவில்லை. நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

மூன்று மைல் தாண்டியது.

"நிறுத்து," என்றாள் லோர்னா.

ஓரத்தில் நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை.

"அந்தத் தாளை நான் பார்த்துட்டேன். ரொட்டி டப்பாவுல இருக்கு."

"ம்."

"தெரியுமா உனக்கு?"

"நேத்து ரொட்டி எடுக்கறப்ப பார்த்தேன்."

அப்படியானால் நேற்று முழுவதும், இன்று காலையும், இருவரும் தெரிந்தே சாசர் காபி குடித்திருக்கிறார்கள். லோர்னாவுக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது. வரவில்லை.

"நீ செத்தா நான் என்ன பண்ணுவேன் ரெய்னோ? உங்கண்ணன்கிட்ட போய் மாசாமாசம் கை நீட்டணுமா?"

"அதுக்குத்தானே உன் பேர்ல..."

"எட்டாயிரம். எட்டாயிரத்தை வெச்சு நான் எத்தனை குளிர்காலம் விறகு வாங்குவேன்? உங்கம்மாவைப் பதினோரு வருஷம் தூக்கிக் கழுவிவிட்டேனே, அதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு வருதுன்னு வெர்னா டீச்சரைக் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லவா?"

அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

"மார்ட்டியோட கால்," என்றான்.

"லாரியில சங்கிலி அறுந்து மரம் உருண்டு கால் போச்சு. எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்."

"அறுந்து போகல." அவன் சாலையைப் பார்த்தபடி சொன்னான். "நான் கழட்டினேன். எண்பத்தெட்டு டிசம்பர். லாரியில முப்பது கட்டை. அவன் அந்தப் பக்கம் இருந்தான். கை காட்டினான்னு நெனச்சேன். காட்டல. கழட்டிட்டேன். எல்லாம் உருண்டு அவன் மேல போச்சு."

லோர்னா அவன் பக்கம் திரும்பினாள்.

"போலீஸ் வந்தப்ப, தானா அறுந்துதுன்னு அவன்தான் சொன்னான். மயக்கத்துல இருந்துகிட்டே சொன்னான். எனக்கு இருபத்து மூணு வயசு. அடுத்த வசந்தத்துல ரெண்டு பேரும் ஒரே நாள்ல போய்க் கணக்கு ஆரம்பிச்சோம். நாமினின்னு கேட்டாங்க. எழுதினேன். அவனுக்குக் குடுக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

"அவருக்குத் தெரியுமா? நீ எழுதினது?"

"தெரியாது. யார்கிட்டயும் சொன்னதில்ல."

"அவர்கிட்ட நீ ஒரு வார்த்தை... என்னால ஆச்சு, மன்னிச்சிடுன்னு?"

ரெய்னோ தலையை ஆட்டினான். இல்லை.

சனிக்கிழமை தவறாமல் மார்ட்டி வருவார். செயற்கைக் காலைக் கழற்றிச் சௌனா வாசலில் சாய்த்து வைப்பார். தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நொண்டிப் போவார். இருபத்தேழு வருடமாக லோர்னா அந்தக் காலைத் துடைத்து உலர்த்தி வைத்திருக்கிறாள். உள்ளே அவர்கள் பேசும் சத்தம் கேட்டதில்லை. அதை நிம்மதி என்று நினைத்திருந்தாள்.

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிடக் கோபமாகவும் இருந்தது. இரண்டில் எதை முதலில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உனக்கு எல்லாமே அப்பறம்தான் ரெய்னோ," என்றாள் கடைசியில். "வரியும் அப்பறம். மன்னிப்பும் அப்பறம். நீ செத்தப்பறம் வங்கிக்காரி ஒரு தாள் அனுப்புவா, அதுல அவர் புரிஞ்சுக்கணும். அதை எம் பங்குல இருந்து கட்டற."

அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. வைப்பரைப் போட்டான். கண்ணாடியில் ஒன்றுமில்லை, அது காய்ந்த கண்ணாடியில் கீச்சென்று இரண்டு முறை போய் வந்தது.

"மாத்தச் சொல்றியா?"

"நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போ."

வீட்டில் அவன் நேராகப் பின்பக்கம் போனான். கோடரிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. விறகு இந்த வருடத்துக்குப் போதுமானது ஏற்கெனவே அடுக்கியாயிற்று.

லோர்னா கோட்டைக் கழற்றவில்லை. சமையலறைச் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தாள். மார்ட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் மரவீட்டில் தனியாக இருக்கிறார். ஏழு முறை அடித்த பிறகு எடுத்தார்.

"நான் லோர்னா பேசறேன்."

"ரெய்னோவுக்கு நெஞ்சுல ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா இருக்கான். விறகு வெட்டறான்."

"இப்பவா? ஏப்ரல்லயா?"

"சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமா வாங்க. சௌனாவுக்கு முன்னாடி. அவன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மறுமுனையில் சத்தமில்லை. இந்தக் குடும்பத்து மௌனங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். யோசிக்கும் மௌனம், கோபத்து மௌனம், தூக்கத்து மௌனம். இது அவற்றில் எதுவுமில்லை. பின்னால் கோடரி மூன்று முறை விழுந்தது.

"சங்கிலி விஷயமா?" என்றார் மார்ட்டி.

லோர்னா சுவரில் கை வைத்துக்கொண்டாள்.

"அவன் உன்கிட்ட சொல்லிட்டானா?"

"இன்னைக்குத்தான்."

"என்னன்னு சொன்னான்? தானே கழட்டினேன்னா?"

"ஆமா."

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. வயதான மனிதரின் மூச்சு.

"அன்னைக்கு நடந்தது அவன் நெனச்சிட்டு இருக்கற மாதிரி இல்ல லோர்னா. நான் அவனை முப்பத்தாறு வருஷமா அப்படியே நெனைக்க விட்டுட்டேன்," என்று சொல்லி மார்ட்டி தொலைபேசியை வைத்துவிட்டார்.

அவள் மறுபடி அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு எல்லோரும் இருந்த நிலை இது. வெர்னா டீச்சர் கடைசிக் கணக்கையும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்க் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐலா கிரீன் பேயில் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் பெயரை ஒரு கட்டத்தில் எழுதியது அவளுக்குத் தெரியாது. ரெய்னோ வெட்டி முடித்த விறகின் மேல், கோடரியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். மார்ட்டியின் மரவீட்டில் விளக்கு எரிந்தது. அக்கரை ஆனாலும் அது லோர்னாவின் சமையலறை ஜன்னலில் தெரியும். எட்டாயிரம் டாலர் லோர்னாவின் பெயரில், அவள் என்று வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் இருந்தது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் முன்பு போலவே மார்ட்டியின் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது.

மார்ட்டி சொன்னதை லோர்னா ரெய்னோவிடம் சொல்லவில்லை.